இடப்பக்கத்துக் கத்திகள்

2006-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24, வியாழக்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடத்துக்கு, சங்குமுனைக் கரையில் மணலில் இழுத்துப் போட்டிருந்த ஒற்றையாள் ஓடத்துக்குள் நூற்று அறுபத்தொரு கத்திகள் கிடந்தன. அந்த ஓடம் எட்டு நாளுக்கு முன் கடலுக்குப் போய்த் திரும்பி வராத கஸ்பாருடையது.

முதலில் பார்த்தவர் காலை மணி அடிக்கப் போன கோயில்பிள்ளை. எண்ணியவர் ஊர்க்கமிட்டித் தலைவர் ரெமீஜியுஸ். மீன் கீறும் கத்தி, கயிறு அறுக்கும் கத்தி, வெங்காயம் நறுக்கும் கத்தி, மிக்சர் கடையில் இலவசமாகக் கொடுத்த பிளாஸ்டிக் பிடிக் கத்தி, முடிதிருத்தும் கனகவேலின் சவரக்கத்தி இரண்டு, பங்குச்சாமியார் பழம் வெட்டும் சிறு கத்தி என்று ஊரில் இருந்த கத்தி எல்லாம் அங்கே இருந்தது. உள்ளே இடம் போதாத பதினெட்டு அரிவாள்மணைகள் வெளியே மணலில், ஓடத்தின் இடப்பக்கம் மட்டும், முறை வருவதற்குக் காத்து நிற்பவை போல வரிசையாக நின்றன. அவற்றை ரெமீஜியுஸ் கணக்கில் சேர்க்கவில்லை. கத்திகள் அத்தனையும் உட்காருமிடத்துக்கு இடப்பக்கம்தான் இருந்தன, அத்தனையின் பிடியும் உட்காருபவன் கைக்கு வாகாக உட்புறம் திரும்பியிருந்தது, ஒன்றின் முனை இன்னொன்றின் மேல் படவில்லை, ஒன்றிலும் மணல் ஒட்டவில்லை.

அது யார் வேலை என்று அன்று பகல் முழுவதும் ஊர் பேசியது. யார் வேலையாக இருந்தாலும் மத்தியானச் சோற்றுக்கு மீன் கீற வேண்டியிருந்ததால், அவரவர் கத்தியை அவரவர் அடையாளம் பார்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். கஸ்பாரின் மனைவி செலஸ்தீன் கடைசியாக வந்தாள். தன் சமையல் கத்தியை எடுத்தாள். ஓடத்தில் இன்னும் ஒரு கத்தி மீதமிருந்தது. உட்காருமிடத்துக்கு இடப்பக்கம், முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால், பழைய ரப்பர்ச் செருப்பை வெட்டித் தைத்துச் செய்த உறைக்குள் அது செருகியிருந்தது. அதை அவள் ஒரு வாரத்துக்கு முன் யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுபோய் அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தாள். அதை அவள் எடுக்கவில்லை. அது யாருடையது என்று சுற்றி நின்ற ஒருவரும் கேட்கவில்லை.

அந்த ஓடம் சங்குமுனைக்கு வந்தது சுனாமிக்கு அடுத்த வருஷம். எந்த நாட்டுக்காரர்களோ எந்த ஊர்க் கடலை மனதில் வைத்தோ செய்து, லாரியில் பதினொன்று அனுப்பினார்கள். ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக், ஓர் ஆள் காலை நீட்டி உட்காரும் அளவு, முன்னாலும் பின்னாலும் திருகித் திறக்கும் வட்ட மூடி போட்ட அறை, இரண்டு பக்கமும் துடுப்புக் கொண்ட ஒரே கழி. அதன் பெயரைக் கொண்டு வந்தவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். ஊர் அதை வாழைப்பூ மடல் என்றது, பிறகு வெறும் மடல் என்றது. வள்ளத்தில் நாலு பேராய்ப் போய்ப் பழகியவர்களுக்கு அதில் செய்ய ஒன்றுமில்லை. ஒரு மடலில் ஆடு தண்ணீர் குடித்தது, ஒன்றில் நெத்திலி காய்ந்தது, ஒன்றில் கோயில் திருவிழாவுக்குப் பூ நனைத்து வைத்தார்கள், ஒன்றை வாசலில் போட்டு அதில் புதினா வளர்த்தார்கள்.

கடலுக்குக் கொண்டுபோனவன் கஸ்பார் ஒருவன்தான், அதற்கும் காரணம் இருந்தது. அவன் இடக்கைக்காரன். வள்ளத்தில் எல்லாரும் ஒரு பக்கமாகக் கயிறு இழுக்கும்போது அவன் முழங்கை பக்கத்தில் இருப்பவன் விலாவில் இடிக்கும். இருபது வருஷமாக இடித்து, இருபது வருஷமாகத் திட்டு வாங்கி, நல்லவன்தான் ஆனால் பக்கத்தில் உட்கார முடியாது என்று பெயரெடுத்தவனுக்கு, பக்கத்தில் யாருமே இல்லாத ஓர் ஓடம் வந்தபோது அது தனக்காகவே கடல் தாண்டி வந்தது போல இருந்தது.

அதில் சாமான் அடுக்கியது செலஸ்தீன். கல்யாணத்துக்கு முன் அவள் திருச்செந்தூரில் ஒரு மருந்துக்கடையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள். எந்த மாத்திரை எந்தத் தட்டில் எத்தனையாவது டப்பாவில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள். முதல் நாள் கஸ்பார் தூண்டிலும் கயிறுமாக ஒரு சாக்கில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு கிளம்பியதைப் பார்த்து, குப்பைத்தொட்டிக்குள் உட்கார்ந்து கடலுக்குப் போகிறவரை இன்றுதான் பார்க்கிறேன் என்றாள். அன்று சாயங்காலமே அவள் அடுக்கத் தொடங்கினாள். தூண்டில் முள்களை அளவு பார்த்து மாத்திரைக் குப்பிகளில் போட்டாள், ஒவ்வொரு மூடியிலும் அந்தந்த முள்ளில் ஒன்றை வெளியே ஒட்டினாள், ஈயக்குண்டுகளைத் தார்ப்பாயில் தைத்த நீளப் பையில் பெரியதிலிருந்து சிறியதாகக் கோர்த்தாள், தூண்டில் நரம்பை மரச்சட்டத்தில் சுற்றி முன் அறையில் நிறுத்தினாள், இரைக்கு ஒரு டப்பா, தண்ணீருக்கு மூன்று பாட்டில், கொக்கிக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய், மீன் போடப் பின்பக்கம் ஓர் ஓலைப் பறி. எல்லாவற்றையும் சணலால் மருந்துக்கடை முடிச்சாகக் கட்டினாள். ஓடம் கவிழ்ந்து மூன்று முறை புரண்டாலும் ஒரு முள் கூடத் தொலையாது என்று அவளுக்குப் பெருமை. கஸ்பாருக்கு அதைவிடப் பெருமை. கடலுக்கு நடுவில் எதையும் தேடிப் பார்க்க வேண்டியதில்லை, கை போகிற இடத்தில் சாமான் இருக்கும் என்று அவன் கடையில் உட்கார்ந்து சொல்வதைக் கேட்டு, கொண்டவளைக் கூடையில் வைத்துச் சுமக்கிறான் என்று ஆண்கள் கேலி செய்தார்கள்.

அந்த அடுக்கில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் இடம் குறித்தவன் அவன். கத்திக்கு. தன் இடக்கையை நீட்டி, விரல் எங்கே விழுகிறதோ அங்கே கரியால் கோடு போட்டு, செருப்பு உறையை அங்கே தைக்கச் சொன்னான். மற்றதை எல்லாம் நிதானமாக எடுக்கலாம், இதை நிதானமாக எடுக்க நேரம் இருக்காது என்றான்.

சங்குமுனையில் ஒரு வழக்கம் உண்டு. ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாள் அன்று, பூசை முடிந்ததும் சாமியார் கரைக்கு வந்து ஓடங்களுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அந்த நேரத்தில் எந்த ஓடத்திலும் வெறும் கத்தி கண்ணில் படக்கூடாது. கத்தியைப் புதுத்துணியில் சுற்றி ஓடத்தின் வயிற்றுக்குள் வைப்பார்கள். மந்திரிப்பு முடிந்து ஆள் கலைந்தபின் ஓடத்துக்காரன் தன் கையாலேயே அதை அவிழ்த்து இருந்த இடத்தில் வைக்க வேண்டும். அந்த வருஷமும் செலஸ்தீன் கத்தியைப் புதுத்துணியில் சுற்றி, முடிச்சுப் போட்டு, மடலின் பின் அறைக்குள் வைத்தாள். மறுநாள் விடியும் முன் கஸ்பார் கிளம்பினான். மற்ற எல்லாச் சாமானையும் அவளே வைப்பதால் இதையும் வைத்திருப்பாள் என்று அவன் இருந்துவிட்டான்.

அன்று மத்தியானம் மூன்று மணிக்கு, கரையிலிருந்து நாலு மைல் தெற்கே, ஆள் இல்லாமல் மிதந்த மடலை ரெமீஜியுஸின் வள்ளம் கண்டு கயிறு கட்டி இழுத்து வந்தது. முன்பக்கம் நரம்பு இரண்டு சுற்றுச் சுற்றி நேராகக் கடலுக்குள் இறங்கியிருந்தது. இழுத்துப் பார்த்தார்கள், நுனியில் ஒன்றும் இல்லை. பெரிய மீன் ஒன்று, சுற்றிக்கொண்ட ஒரு கை, அவ்வளவுதான் என்று கடல் தெரிந்த எல்லாருக்கும் தெரிந்தது. ஐந்து வள்ளம் மூன்று நாள் தேடியது. உடல் கிடைக்கவில்லை. ஆறுதல் சொல்ல வந்த ரெமீஜியுஸ், வேறு எதுவும் சொல்லத் தெரியாமல், வச்ச சாமான் வச்சபடியே இருக்கு, ஒரு முள்ளு தொலையல என்று சொன்னார். அவள் கரைக்குப் போய் மடலைப் பார்த்தாள். செருப்பு உறை காலியாக இருந்தது. அதைச் சுற்றி அந்த ஆரஞ்சுப் பிளாஸ்டிக்கில் நகக் கீறல்கள் இருந்தன, நாலு நாலாக, ஒன்றின் மேல் ஒன்றாக. பின் அறையைத் திறந்து, துணிச்சுருட்டைச் சேலைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஏழாம் நாள் பூசை முடிந்த மறுநாள் காலைதான் கத்திகள் வந்தன.

வெள்ளிக்கிழமையும் வந்தன. சனிக்கிழமையும் வந்தன. பெட்டியில் பூட்டி வைத்த கத்தி வந்தது, தலையணைக்கடியில் வைத்த கத்தி வந்தது, கையில் பிடித்தபடி விடிய விடியக் கண்விழித்து உட்கார்ந்திருந்த வியாகுலம் என்பவரின் கத்தியும், அவர் கொட்டாவி விட்டு முடித்தபோது கையில் இல்லை. புறக்காவல் நிலையத்திலிருந்து ஒரு ஏட்டையா வந்து, காணாமல் போன பொருள் என்ன என்று கேட்டு, எதுவும் காணாமல் போகவில்லை, எல்லாம் ஒரே இடத்தில் காணப்படுகிறது என்று ஊரார் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். வழக்குப் பதிய வழி தெரியாமல் ஊரிலேயே ஓர் இரவு தங்கிப் பார்த்தார். விடிந்தபோது அவருடைய நகம் சீவும் பேனாக்கத்தியும் மடலில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போனவர் பிறகு வரவில்லை.

இரண்டு வாரத்தில் ஊர் பழகிவிட்டது. காலை மணி அடித்ததும் பெண்கள் குடத்தோடு தண்ணீருக்குப் போவதுபோல மடலுக்குப் போனார்கள். பிடியில் நகப்பூச்சு, சிவப்பு நூல், ஊதா நூல், பிளாஸ்திரி என்று வீட்டுக்கொரு அடையாளம் ஏற்பட்டது. முதல் மணிக்குக் கடலுக்குப் போகிறவர்கள், இரண்டாம் மணிக்குச் சமையல்காரர்கள் என்று ரெமீஜியுஸ் முறை வைத்தார். கனகவேல் இரண்டு நாள் நடந்துவிட்டு மூன்றாம் நாள் நாற்காலியையும் கண்ணாடியையும் மடல் பக்கத்திலேயே கொண்டுவந்து போட்டார். கத்திய எடுத்துட்டு நான் கடைக்குப் போயி, அங்க தாடி வந்து காத்துக் கிடக்கணுமா, தாடி இங்கன வரட்டும் என்றார். தாடி வந்தது. தாடிக்காரர்கள் வந்ததால் டீ வந்தது, டீ வந்ததால் பேப்பர் வந்தது. கல்யாண வீட்டுச் சமையலுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவார்கள், ராத்திரி தங்கினால் கத்தி மடலுக்குப் போகும், பயப்பட வேண்டாம், பித்தளைக் கரண்டி எல்லாம் பத்திரம் என்று. இருட்டியபின் குடித்துவிட்டு வெட்டுவேன் என்று சத்தம் போடுகிறவர்கள் விடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்ததாலும், விடிந்தபின் வெட்டுவதற்கு அவர்களுக்கு மனம் இல்லாததாலும், அந்த வருஷம் ஊரில் அடிதடியும் குறைந்தது.

எதற்கு வருகின்றன என்று ஊருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எல்லாம் இடப்பக்கம், எல்லாப் பிடியும் இடக்கைக்கு. கஸ்பாருக்குக் கத்தி வேண்டும். கமிட்டி கூடி, ஊர்ச் செலவில் பட்டறையில் புதுக் கத்தி ஒன்று அடித்து, மடல் மிதந்த இடத்துக்கு வள்ளத்தில் போய், செபம் சொல்லிக் கடலில் போட்டார்கள். மறுநாள் அது ஈரமாக மடலில் மற்றக் கத்திகளோடு இருந்தது, நூற்று அறுபத்திரண்டாவதாக. யாருக்கும் சொந்தமில்லாத அதைச் சாமியாருக்குக் கொடுத்தார்கள்.

செலஸ்தீன் ஒவ்வொரு நாளும் கடைசியில் போனாள். போகும்போதெல்லாம் முந்தானையால் அந்தக் கீறல்களை மூடியபடி குனிந்து தன் கத்தியை எடுத்தாள். செப்டம்பரில், பாவம் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு, கத்தி துணிக்குள்ளேயே இருந்துவிட்டதைச் சாமியாரிடம் சொன்னாள். அது பாவம் இல்லை அம்மா, மறதி, மறதிக்கு ஆண்டவர் கணக்குக் கேட்பதில்லை என்று அவர் அன்பாகச் சொல்லி, அவள் மனநிம்மதிக்காக ஐந்து நாள் செபமாலை சொல்லச் சொன்னார். அவள் முப்பது நாள் சொன்னாள். கத்திகள் வந்துகொண்டிருந்தன. மறதி என்று அவர் சொன்னது சரியில்லை என்று அவளுக்குத் தெரியும். அவரிடம் அவள் முழுவதும் சொல்லவில்லை.

நவம்பர் கடைசியில் ஊரின் பொறுமைக்கு ஒரு விலை ஏற்பட்டது. வீட்டுக் கத்தி மட்டுமல்ல, கடலில் ராத்தங்கல் போட்டிருப்பவர்களின் கத்தியும் விடியும் முன் மடலுக்குப் போய்விடும். அதனால் அந்த ஒரு மணி நேரம் எல்லா வள்ளத்திலும் ஆட்கள் கயிற்றைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார்கள். தொபியாஸ் என்ற வள்ளக்காரர் ஒரு நாள் உட்காரவில்லை. கயிறு அவர் வலக்கையில் சுற்றியது, அறுக்கக் கத்தி இல்லை, இரண்டு விரல் போயிற்று. அவரைக் கரையில் இறக்கியபோது, அவருடைய கத்தி மடலில், பிடி உட்புறம் திரும்பி, மணல் படாமல் இருந்தது.

டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பின் கமிட்டி கூடியது. செத்தவன் மேல் ஊருக்குப் பிரியம்தான், அதற்காக ஆளுக்கு இரண்டு விரலாகக் கொடுக்க முடியாது என்றார் தொபியாஸின் தம்பி. மடலை எரித்துவிடுவது என்று முடிவாயிற்று. ஆனால் கடலில் போனவனின் ஓடத்தை எரிக்கவோ உடைக்கவோ அவன் ரத்தத்தில் ஒருவர் சம்மதம் சொல்ல வேண்டும் என்பது கரையின் முறை. பெண்டாட்டி ரத்தம் ஆகமாட்டாள். கஸ்பாருக்குப் பிள்ளை இல்லை, பெற்றவர்கள் இல்லை. அவனைவிடப் பன்னிரண்டு வயது மூத்த அக்கா எமரன்சி இருந்தாள்; தாய் செத்தபின் அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள். புதன்கிழமைக்குள் சொல்கிறேன் என்றாள் எமரன்சி.

மடலை எரித்துவிட்டால் என்ன ஆகும் என்று செலஸ்தீன் அன்று பகலும் இரவும் யோசித்தாள். ஊர் நினைப்பதுபோல அவன் கத்திக்காகக் காத்திருக்கவில்லை, அவன் தேடிக்கொண்டிருக்கிறான். அன்றிலிருந்து இன்றுவரை, அவள் அடுக்கிய அடுக்கை நம்பி, கை போகிற அதே இடத்தில், நிறுத்தாமல் தேடிக்கொண்டிருக்கிறான். ஊர்க் கத்தி அத்தனையும் அந்தக் கைக்குத்தான் போகின்றன; போய்ச் சேரும்போது ஒரு நொடி பிந்திவிடுகின்றன. மடலும் இல்லாமல் போனால் அந்தக் கைக்குத் தேட இடமும் இருக்காது. இதைச் சொல்லி எமரன்சியைத் தடுக்க வேண்டும். இதைச் சொன்னால் அதையும் சொல்ல வேண்டும். அதைச் சொன்னபின், கடந்த மூன்று மாதமாகத் தினமும் ஒரு வேளைச் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிற அந்த ஒரே மனுஷியும் இல்லாமல் போவாள்.

திங்கட்கிழமை மத்தியானம் போனாள். எமரன்சி முற்றத்தில் உட்கார்ந்து சாளைக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, இரு என்றாள். செலஸ்தீன் உட்காராமல் நின்றாள்.

“மதினி, மடல எரிக்கச் சொல்லாதீங்க.”

“ஏன்?”

“அவங்க சாவுக்கு நாந்தான் காரணம்.”

எமரன்சியின் கை உப்பை அள்ளுவதை நிறுத்தவில்லை. செலஸ்தீன் சாமியாரிடம் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னாள். “மந்திரிப்பு முடிஞ்சு சாயங்காலம் தண்ணி பாட்டில் வைக்கப் போனேன். பின் அறைய திறந்தேன். கத்தி துணியோட அங்கனதான் இருந்துச்சு. நான் மறக்கல மதினி. கையில எடுத்தேன். கை ஈரமா இருந்துச்சு, புதுத்துணி, ஈரக் கையோட அவுத்தா கறையாயிரும், காலையில அவங்களே எடுத்துக்கிடட்டும்னு திரும்ப உள்ள வச்சேன். காலையில சொல்லணும்னு நெனச்சேன். அவங்க கிளம்பும்போது நான் எந்திரிக்கல.”

சாளை ஒரு அடுக்கு முடிந்தது. எமரன்சி அதன்மேல் ஓலைத் தடுக்கை வைத்தாள், அதன்மேல் கல்லை வைத்தாள், கையைக் கழுவினாள்.

“துணிய நான் பாத்தேன், செலஸ்,” என்றாள். “மடலு கரைக்கு வந்தப்ப ரெமி பின் அறையத் தொறந்தாரு. ஒன் முடிச்சு. அவரு ஒண்ணும் பேசாம திரும்ப மூடிட்டாரு. நான் அவரு தோளுக்குப் பின்னாலதான் நின்னேன்.”

செலஸ்தீன் அப்போதுதான் உட்கார்ந்தாள்.

“ரெமி பொண்டாட்டிக்குத் தெரியும். அவளுக்குத் தெரிஞ்சா ஊருக்குத் தெரியும். அந்தக் கீறல நீ முந்தானைய வச்சு மூடுத, நாங்க வேற பக்கம் பாக்கோம். நீ கடைசியில வாரன்னுதான் நாங்க முந்தி வந்துட்டுப் போறோம். எங்களுக்குத் தெரியுங்கிறது ஒனக்கு மட்டுந்தான் தெரியாது.”

நூற்று மூன்று நாள் ஊர் முழுவதும் தன் முகத்தை எப்படிப் பார்த்தது, எப்படிப் பார்க்காமல் இருந்தது என்பதைச் செலஸ்தீன் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். தனக்குக் கொண்டுவந்து வைத்த ஒவ்வொரு சோற்றுத்தட்டும் தெரிந்தே வைக்கப்பட்டது. அவள் மன்னிச்சிருங்க என்று சொல்ல வாயெடுத்தாள்.

“அதச் சொல்லாத,” என்றாள் எமரன்சி. “மன்னிச்சேன்னு என்னால சொல்ல முடியாது. பாலு குடிக்கத் தெரியாத வயசுல என் இடுப்புக்கு வந்தவன். ஆனா தெனமும் காலையில கத்தி எடுக்க வாரேன், ஒன் மொகத்தப் பாக்கேன், ஒருநாளும் கேக்கல. அந்த அளவுக்குத்தான் எனக்கு முடிஞ்சுது. நாளைக்கும் அதையே செய்வேன். நீ சாப்புட்டியா?”

மறுநாள் காலை மடலில் நூற்று ஐம்பத்தெட்டுக் கத்திகள் இருந்தன, அரிவாள்மணை பதினேழு. எமரன்சியின் கத்திகள் எமரன்சி வீட்டிலேயே இருந்தன. புதன்கிழமை அவள் கமிட்டிக்குப் போய், எரிக்கச் சம்மதம் இல்லை, அவன் தேடி முடிக்கட்டும் என்றாள். தொபியாஸின் தம்பி எழுந்து ஏதோ சொல்லப் போனார். கட்டுப் போட்ட கையோடு வந்திருந்த தொபியாஸ் அவரை உட்காரச் சொன்னார். கடலில் வேறு எதை வைத்துச் சமாளிப்பது என்று பேச்சு வந்தபோது, தையல்காரர் வீட்டுக் கத்தரிக்கோல் ஒருநாளும் மடலுக்குப் போனதில்லை என்பதை யாரோ கவனித்துச் சொன்னார்கள். அதன்பின் சங்குமுனை வள்ளங்களில் கத்தரிக்கோல் போயிற்று. உப்புக்காற்றில் மாதம் ஒன்று துருப்பிடித்தது, தடித்த கயிற்றை இருவராகச் சேர்ந்து வெட்ட வேண்டியிருந்தது, ஆனாலும் விரல் போகவில்லை.

கிறிஸ்துமஸ் வாரத்தில் மேலும் இரண்டு வீட்டுக் கத்திகள் நின்றன. ஈஸ்டருக்கு முந்தின தபசுக்காலம் முடிவதற்குள் நாற்பதுக்கு மேல் நின்றன. எந்த வீடு முந்தும் எந்த வீடு பிந்தும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை, யாரும் பேசவும் இல்லை. கத்தி நின்றுபோன வீட்டு ஆட்கள் செலஸ்தீனிடம் அதுவரை பேசியதைவிடக் கொஞ்சம் சத்தமாகப் பேசினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். தெருவில் கூப்பிட்டு மீன் இருக்கா என்று கேட்டார்கள், அவள் சேலை நன்றாயில்லை என்றார்கள், ஒருத்தி சண்டைகூடப் போட்டாள். ரெமீஜியுஸின் கத்தி மூன்றாம் வருஷம் நின்றது. கனகவேல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். டீக்கடை மட்டும் அங்கேயே இருந்துவிட்டது. கடைசியில் தொபியாஸின் கத்தியும் அவளுடைய கத்தியும் வந்துகொண்டிருந்தன. 2010 ஜூன் மாதம் ஒரு காலை அவள் மடலுக்குப் போனபோது, தொபியாஸ் கத்தி எடுக்க வராமல், டீக்கடை பெஞ்சில் மூன்று விரலால் தம்ளரைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். இன்னைக்கு எங்க வீட்டுது வீட்டுலயே இருந்துச்சு, நீயும் ஒரு டீ குடிச்சுட்டுப் போ என்றார். அவள் நின்றபடியே குடித்தாள்.

அதன்பிறகு அவள் கத்தி மட்டும் வந்தது. செருப்பு உறையில் கஸ்பாரின் கத்தி கைபடாமல் இருந்தது, அதன் பக்கத்தில், பிடி உட்புறம் திரும்பி, அவளுடைய சமையல் கத்தி. மழையிலும் போனாள், காய்ச்சலிலும் போனாள். எனக்கு நின்னுபோச்சு, ரெமிக்கு நின்னுபோச்சு, வெரலு போன தொபியாஸுக்கே நின்னுபோச்சு, ஒனக்கு ஏன்ட்டி நிக்கல என்று ஒருநாள் எமரன்சி கேட்டாள். செலஸ்தீன் தன் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கத்தியை எடுத்தபின் சிறிது நேரம் ஓடத்தின் பக்கத்தில் நிற்பாள், அவிழ்ந்திருக்கும் சணல் முடிச்சு எதையாவது இறுக்கிக் கட்டுவாள், முள் குப்பிகளில் துரு ஏறியதை எடுத்துவிட்டுப் புதிது போடுவாள். ஆரஞ்சு நிறம் வெளுத்து எலுமிச்சை நிறமானது. கீறல்கள் வெளுக்கவில்லை.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி பிற்பகல் கடல் ஏறி, டீக்கடையின் கூரையையும், காயப்போட்ட வலைகளையும், மடலையும் இழுத்துக்கொண்டு போயிற்று. மறுநாள் காலை செலஸ்தீன் வீட்டில் கத்தி இல்லை, கரையிலும் இல்லை. அன்று கடையில் வாங்கிய கத்தி அதற்கு மறுநாள் இல்லை. மூன்றாவதும் போனபின் வாங்குவதை நிறுத்தினாள். டிசம்பர் 6, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் வீட்டுக் காய்கறியையும் மீனையும் எமரன்சி நறுக்கிக் கொடுத்தனுப்புகிறாள்.